உங்ககிட்டதான் டீச்சர் சொன்னேன்

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி ஆறுவதற்குள் முடியாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது படியுங்கள்.

கல்லறைத் திருநாள் நவம்பர் 2, 2025-இல் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. அம்மா அப்பா கல்லறையில் ஏற்றிய மெழுகுவத்தி காற்றுக்கு அணைந்துகொண்டே இருந்தது. மூன்றாவது தடவை பற்ற வைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர், எங்க அம்மாவுக்கு ஃபோன் கத்துக்குடுத்தது நீங்கதானாமே? புது நம்பர்லேர்ந்து கூப்பிட்டா, 'நீ என் புள்ளதான்னா ரெண்டாங்கிளாஸ்ல உனக்கு யாரு டீச்சர், சொல்லு'ன்னு கேக்குது. நான் பாரீஸ்ல மெட்ரோவுல நின்னுக்கிட்டு உங்க பேரைக் கத்திச் சொல்றேன்!"

திரும்பிப் பார்த்தால் அவன்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு ஐம்பத்தாறில் வந்து நின்றுவிடுவான். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. சிரித்துவிட்டுச் சொன்னான்: "இதையெல்லாம் எழுதுங்க டீச்சர். எங்க செட்டுல எல்லாருக்கும் ஊர்ல அம்மா அப்பா தனியாத்தான் இருக்காங்க."

அதனால் எழுதுகிறேன். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த ஆரம்பப் பள்ளி டீச்சர். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. கற்றுக்கொண்டதெல்லாம் ஓய்வுக்கு முந்தைய கடைசி வருஷங்களில், ஊரடங்கில் உங்கள் தம்பி தங்கைகளுக்கு வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பியபோதுதான். தெரியாததைப் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். வெட்கம் ஒன்றும் இல்லை.

எங்கள் பங்கில் குழு எப்படி வந்தது என்று முதலில் சொல்கிறேன். (கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகளுக்காக: ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் எல்லோரும் சேர்ந்தது பங்கு. அதற்குள் முப்பது நாற்பது வீடுகள் சேர்ந்தது அன்பியம்.) 2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. குருத்து ஞாயிறு ஏப்ரல் 5, உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 12. எனக்குத் தெரிந்து பூட்டிய கதவுக்கு வெளியே பெரிய வியாழன் வந்தது அந்த ஒரு வருஷம்தான். மார்ச் 27-ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் மழையில் நனைந்த வெறும் சதுக்கத்தில் தனியாக நின்று செபித்ததை அரிசி டின்னில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மாதா தொலைக்காட்சியில் பூசை. கேபிள் இல்லாத வீட்டுக்கு யூடியூப். அப்போதுதான் ஃபாதர் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். பிறகு அது குட்டி போட்டது. அன்பியத்துக்கு ஒன்று, பாடகர் குழுவுக்கு ஒன்று, மரியாயின் சேனைக்கு ஒன்று, மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒன்று, திருவிழாக் கமிட்டிக்கு ஒன்று. என் ஃபோனில் இப்போது பங்கு சம்பந்தமாக மட்டும் 9 குழுக்கள். காலையில் எழுந்தால் பூங்கொத்து படமே நூறு இருக்கும்.

நான் இதற்கு விரோதி இல்லை. முன்பெல்லாம் துக்க மணி அடித்தால் தெருவில் இறங்கி "யாரு, யாரு" என்று கேட்போம். காற்று சிவலோகநாதர் கோயில் பக்கமிருந்து அடித்தால் அந்த மணியும் கேட்காது. இப்போது மூச்சு நின்ற அரை மணியில் பிரான்சில் இருக்கும் மகனுக்குத் தெரிகிறது. டிக்கெட் கிடைக்காதவன் அடக்கப் பூசையை நேரலையில் பார்க்கிறான். அங்கே குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். விடியாத இருட்டில் ஒரு மகன் தன் தகப்பனுடைய பெட்டி இறங்குவதை ஃபோனில் பார்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் அதே குழு வழியாகத்தான் 2023-இல் திருடன் வந்தான்.

எங்கள் பங்கில் ஒரு பாட்டி. கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அவர் போன பிறகு பென்ஷன் பாட்டிக்கு வருகிறது. கையில் காசு தங்காது, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பார். ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவருக்கு ஒரு வாட்ஸ்அப். புது எண். ஆனால் படம் நம் ஃபாதர் படம். "தியானத்தில் இருக்கிறேன், பேச முடியாது. ஓர் ஏழைக் குழந்தைக்கு அவசர ஆபரேஷன். 8,000 ரூபாய் அனுப்புங்கள் அம்மா, வந்ததும் தருகிறேன்." பாட்டிக்கு ஜிபே தெரியாது. மளிகைக் கடைத் தம்பியிடம் ரொக்கத்தைக் கொடுத்து அனுப்பச் சொன்னார். அந்தத் தம்பி கேட்டும் இருக்கிறான்: "ஃபாதர்தானா பாட்டி?" "போட்டோ போட்டிருக்கே, கண்ணு தெரியலியா உனக்கு?" ஒரு மணி நேரம் கழித்து, இன்னும் 10,000 வேண்டும் என்று செய்தி. அதுவும் போனது.

சாயங்காலம் செபமாலைக்கு வந்தவர், "சாமி கேட்டாரு, அனுப்பிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னபோதுதான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கியது. கடைத் தம்பி உடனே 1930-க்கு அடித்தான். அது இணையப் பண மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண். பரிவர்த்தனை எண், நேரம், தொகை கேட்டார்கள். பிறகு போனது இரண்டாவது பத்தாயிரம் இன்னும் அந்தக் கணக்கைத் தாண்டவில்லை. அங்கேயே முடக்கி, பல மாதம் கழித்துத் திரும்பி வந்தது. முதலில் போன எட்டாயிரம் அதற்குள் கைமாறிப் போய்விட்டது. ஆகவே பிள்ளைகளே, மானம் போகிறதே என்று ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு விடிந்ததும் சொல்லலாம் என்று இருக்காதீர்கள். அதில் நிமிஷம்தான் கணக்கு.

பாட்டி காசுக்கு அழவில்லை. "காசு போனா போவுது. சாமி பேருல கேட்டானே பாவி" என்றார். அதற்குப் பிறகு அந்த ஃபோனைத் தொடவே மாட்டேன் என்று அலமாரியில் வைத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து அவருடைய சிறுவயதுத் தோழி இறந்தார். குழுவில் செய்தி வந்தது. எல்லோரும் குழுவில் பார்த்திருப்பார்கள் என்று யாரும் பாட்டி வீட்டுக்குப் போய்ச் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. எட்டாயிரத்தைவிட அதுதான் பெரிய நஷ்டம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவன் எப்படி வந்தான் என்று பிறகு உட்கார்ந்து பார்த்தோம். திருவிழா நோட்டீசில் "பங்குக் குழுவில் இணைய" என்று லிங்க்கை அச்சடித்திருந்தோம். அந்த நோட்டீசைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் வேறு போட்டோம். யார் வேண்டுமானாலும் நுழையலாம். உள்ளே வந்தவனுக்கு 200-க்கு மேல் எண்கள் வரிசையாகக் கிடைத்தன. ஃபாதர் படம் கிடைத்தது. "ஃபாதர் வருடாந்தரத் தியானத்துக்குச் செல்வதால் வெள்ளி வரை ஃபோனில் தொடர்புகொள்ள இயலாது" என்று நாங்களே அறிவிப்புப் போட்டிருந்தோம். வீட்டைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டி, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சீட்டும் எழுதி ஒட்டிவிட்டுப் போன மாதிரி. பெயர் பெயராகப் பார்த்ததில் 11 எண்கள் யாருடையது என்று யாருக்குமே தெரியவில்லை. நீக்கினோம். பழைய லிங்க்கை ரத்து செய்தோம். புதிதாகச் சேர வருபவரை அட்மின் ஒப்புக்கொண்டால்தான் உள்ளே விடும்படி மாற்றினோம். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டுமே எழுத முடியும். பூங்கொத்து நின்றது. அதற்கு என்மேல் இன்னும் சிலருக்குக் கோபம்.

அட்மினாக இருந்த ஒரு பெரியவர், "யாராச்சும் எதையாச்சும் போட்டா போலீஸ் என்னைப் புடிக்கும்" என்று பயந்து விலகப் பார்த்தார். வேறொருவர் போட்டதற்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி உட்கார வைத்தேன். ஆனால் தப்பானதைக் கண்டால் நீக்க வேண்டிய கடமை இருக்கிறது, அதற்குத்தான் அந்த வேலை என்றும் சொன்னேன்.

இதிலிருந்து பிறந்ததுதான் எங்கள் கைப்பேசி வகுப்பு. ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் மறைக்கல்வி அறையில் அரை மணி நேரம். வருபவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். பேச்சால் சொன்னால் மண்டையில் ஏறாது என்பது எனக்கு முப்பது வருஷ அனுபவம். ஆகவே நாடகம். ஐந்து பாட்டிகளுக்கு ஆளுக்கொரு மடித்த சீட்டு, உள்ளே ஆறு இலக்க எண். பீடச்சிறுவன் ஒருவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் போய், "பாட்டி, என் கோடு தப்பா உங்க நம்பருக்கு வந்துடுச்சு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்று கேட்கச் சொன்னேன். யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஐந்து நிமிஷம் முன்னால்தான் சொல்லியிருந்தேன். ஐந்தில் மூன்று பேர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார்கள். "நம்ம பையன்தானே டீச்சர்!"

அதுதானே விஷயம். வாட்ஸ்அப் அனுப்பும் அந்த ஆறு எண்ணைக் கொடுத்தால் நம் கணக்கு அவன் கைக்குப் போய்விடும். பிறகு நம் பெயரில், நம் படத்தோடு, நம் சொந்தக்காரர்களிடமே அவன் காசு கேட்பான். அவர்களும் "நம்ம டீச்சர்தானே" என்று கொடுப்பார்கள். இதற்குத்தான் செட்டிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. நாமே ஒரு ரகசிய எண் வைத்துக்கொண்டால், அவனிடம் அந்த ஆறு எண் போனாலும் இது இல்லாமல் உள்ளே வர முடியாது. எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது பிறந்த வருஷம் வேண்டாம், கல்யாண நாள் வேண்டாம் என்று சொன்னேன். ஒரு தாத்தா கையைத் தூக்கினார். "கல்யாண நாள் எனக்கே ஞாபகம் இல்லை டீச்சர், அதனால வைக்கலாம்ல?" வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காணிக்கைக்கு இப்போது உண்டியல் பக்கத்தில் க்யூஆர் ஒட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாகக் கடைகளின் க்யூஆர் மேல் தங்கள் க்யூஆரை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைக்காரர்களுக்கு விஷயம் தெரிவதற்குள் வந்த காசு வேறு கணக்கில். ஆகவே எங்கள் கோயில்பிள்ளைக்குக் காலையில் கதவைத் திறந்ததும் அதை விரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பதும் ஒரு வேலை. பணம் அனுப்பும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள் என்று சொல்கிறேன். இன்னொன்று: ரகசிய எண் பணம் கொடுக்கத்தான் வேண்டும், வாங்க வேண்டாம். "உங்களுக்குப் பணம் வந்திருக்கு, பெற்றுக்கொள்ள எண்ணைப் போடுங்க" என்று எவன் சொன்னாலும் அவன் எடுக்க வந்தவன். கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏபிகே ஃபைல் அனுப்புகிறார்கள். அது பத்திரிகை இல்லை, ஃபோனுக்குள் குடிபுகும் செயலி. தொடக்கூடாது. பத்திரிகை வைப்பவர்கள் தட்டில் பூ பழத்தோடு வரட்டும்.

இதெல்லாம் ஊருக்குச் சொன்னேன். இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு அருகதை கிடையாது.

2024 தவக்காலம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வரும்போது ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னிடம் படித்தவள். அவளுடைய பெண்ணும் என்னிடம்தான் படித்தாள். "டீச்சர், பாப்பாவுக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். மனசு ஆறல. வேண்டிக்கங்க டீச்சர்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அன்பியக் குழுவில் எழுதினேன். பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு. "அனைவரும் உருக்கமாகச் செபிக்கவும்." ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் கும்பிடு படம் வந்தது. எத்தனை பேர் செபிக்கிறார்கள் என்று கண் கலங்கினேன். நிஜமாகவே.

அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசியிருந்தது எனக்குத் தெரியாது. குழுவில் இருந்த ஒருவர் நல்லெண்ணத்தோடு வேறொரு செபக் குழுவுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தார். இரண்டாம் நாள் அது மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள், ஜாதகம் பார்க்காத வீட்டில் "நாள் சரியில்லை" என்று பதில் வந்தது.

நான் பதறிப்போய் அழிக்கப் பார்த்தேன். அனுப்பி இரண்டரை நாளுக்குள் என்றால்தான் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் சேர்த்து அழிக்க முடியும். அது தாண்டிவிட்டது. தாண்டாமல் இருந்தாலும் அடுத்தவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை யார் அழிப்பது?

அந்தத் தாய் வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. திண்ணையில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "உங்ககிட்டதான் டீச்சர் சொன்னேன். ஊருக்குச் சொல்லல."

நான் வாத்திச்சி. ஆயிரம் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லிக்கொடுத்தவள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

இந்தப் பதிவை எழுதுமுன் அவளிடம் போய்க் கேட்டேன். "எழுதுங்க டீச்சர். ஆனா நோயை மாத்திடுங்க" என்றாள். மாற்றியிருக்கிறேன். வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். ஆகவே யார் வீடு என்று கமெண்டில் ஆராய்ச்சி செய்யாதீர்கள். செய்தால் அழிப்பேன்.

பிறகு பல ராத்திரி யோசித்தேன். நம் திருச்சபையில் இதற்கெல்லாம் பழைய ஒழுங்கு இருந்தது. கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லட்டும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி. பாவசங்கீர்த்தனம் என்றால் மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் ஒரே காது. கேட்டவர் உயிரே போனாலும் வெளியில் சொல்லக்கூடாது. எது ஓலையில் வாசிப்பது, எது சல்லடைக்குள் சொல்வது என்று எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. பட்டயம் வாங்கிய எனக்கு ஒரு ஃபோன் கையில் வந்ததும் மறந்துபோனது. நோய், கடன், குடும்பச் சண்டை, பிள்ளை ஃபெயிலானது எல்லாம் சல்லடைப் பக்கத்தவை. அவற்றை நான் ஓலையில் வாசித்துவிட்டேன்.

நடந்ததை ஃபாதரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு அச்சுப் பிரதி கொடுத்தார். சமூக ஊடகம் பற்றி வத்திக்கானின் சமூகத் தொடர்புத் துறை 2023 மே 28-ஆம் தேதியிட்டு வெளியிட்ட சிந்தனைக் குறிப்பு. முழுக்க நல்ல சமாரியன் உவமையை வைத்துத்தான் போகிறது. அதை வாசித்தபோது எனக்குத் தோன்றியது: அந்தச் சமாரியன் அடிபட்டவனுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டினான், கழுதைமேல் ஏற்றினான், சத்திரத்தில் காசு கொடுத்தான். வழியில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காயத்தைக் காட்டவில்லை. நான் காட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை நான் செய்திருக்க வேண்டியது, ஒரு ஃபிளாஸ்க் கஞ்சியோடு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது எங்கள் அன்பியத்தில் செபக் கருத்துக்கு ஒரு மரப்பெட்டி இருக்கிறது. சீட்டில் எழுதிப் போடலாம். ஃபாதர் மட்டும் படிப்பார். குழுவில் எழுதினால் "ஒரு சகோதரிக்காக, ஒரு குடும்பத்துக்காக" என்றுதான் எழுதுவோம். பெயர் போட வேண்டுமென்றால் அந்தக் குடும்பமே போடட்டும். "பேர் இல்லாம எப்படி டீச்சர் வேண்டறது, ஆண்டவருக்குக் குழம்பாதா?" என்று ஒருவர் கேட்டார். குழம்பாது என்று சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைகள் படமும் அப்படித்தான். புது நன்மை வாங்கும் குழந்தைகள் வெள்ளை உடுப்பில் தேவதை மாதிரி இருக்கும், படம் போட ஆசையாகத்தான் இருக்கும். பெயர், பள்ளி, வீட்டுத் தெரு எல்லாம் கீழே எழுதி ஃபேஸ்புக்கில் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு தாய் வந்து, "எங்க வீட்டுப் பிரச்சினை உங்களுக்குத் தெரியாது, எம்புள்ள எந்த ஸ்கூலுன்னு சிலருக்குத் தெரியக்கூடாது" என்றாள். அன்றோடு நிறுத்தினோம். பெற்றவர்களிடம் கேட்டுத்தான் படம், பெயர் கிடையாது. இந்தியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. 18 வயது வரை குழந்தை என்கிறது அது, பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்க வேண்டியதுதான்.

வதந்தி விஷயம் ஒன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, எதிர்க்கரையில் இலங்கையில் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆலயங்களில் குண்டு வெடித்தது. அந்த அரசே ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் சில நாள் முடக்கிவைத்தது. அந்த வாரம் 26-ஆம் தேதி, ராமநாதபுரத்தில் தீவிரவாதிகள் இருக்கிறார்கள், தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் தாக்கப்போகிறார்கள் என்று பெங்களூரு போலீசுக்கு ஒரு லாரி டிரைவர் ஃபோன் செய்தார். பொய் என்று தெரிந்து உடனே அவரைக் கைது செய்தார்கள். எங்கள் குடும்பக் குழுவுக்கு எச்சரிக்கை பதினைந்து தடவை வந்தது. பொய் என்ற செய்தி ஒரு தடவைகூட வரவில்லை. கந்தூரிக்குக் கொடி ஏறினால் நாம் பார்க்கப் போகிற ஊர் இது. மாங்கனித் திருவிழாவுக்கு மாடியிலிருந்து மாம்பழம் இறைத்தால் யார் மடியில் விழுகிறது என்று யார் பார்த்தார்கள்? அப்படிப்பட்ட ஊரில் அந்த ஒரு வாரம் மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. என் சொந்தத்திலேயே உண்டு. யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதற்கு முந்தின வருஷம், 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிடப் போன குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று அடித்தார்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மா இறந்தே போனார். என் வயதுதான் இருக்கும். நானும் பிள்ளைகளைக் கண்டால் பையில் கையை விடுகிறவள்தான். அதற்கெல்லாம் பிறகுதான் வாட்ஸ்அப் ஃபார்வர்டை இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேர் என்று குறைத்தது. 2020 ஏப்ரலிலிருந்து, இரட்டை அம்புக்குறி போட்டு வருவதை ஒரு நேரத்தில் ஒரே இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். வகுப்பில் நான் சொல்வது: இரட்டை அம்பு வந்தால் அது யார் வீட்டிலோ சமைத்து, பத்துக் கை மாறி வந்த குழம்பு. மோந்து பார்க்காமல் பரிமாறாதே. புயல் என்று வந்தால் நம் காரைக்காலிலேயே வானிலைத் துறையின் ரேடார் இருக்கிறது, அவர்கள் சொல்வதைக் கேள். 2004 டிசம்பர் 26 பார்த்த கரை இது. அந்த 30-ஆம் தேதி மறுபடி அலை வருகிறது என்று சொல்லி எல்லோரும் ஓடியதும், ஒன்றும் வராததும் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு வாட்ஸ்அப்கூடக் கிடையாது. ஓடும்போது விழுந்து கை ஒடிந்தவர் எங்கள் தெருவிலேயே இருந்தார்.

நேரம் ஆகிவிட்டது, கண்ணும் வலிக்கிறது. வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். கிறிஸ்துமசுக்கு வருவீர்கள். வரும்போது அம்மாவுக்குப் புது ஃபோன் வாங்கி வராதீர்கள். பழையதையே பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடுங்கள். யார் வேண்டுமானாலும் குழுவில் சேர்க்கலாம் என்று இருப்பதை, தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். 1930-ஐ அந்தப் பெயரிலேயே சேமித்து வையுங்கள். 'டிஜிட்டல் கைது' என்று வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டுவார்கள், அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது, பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் சொல்லிவிட்டார் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். உங்களுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது குரலைக்கூட நகல் எடுக்கிறார்களாம். என் பெயர் வேண்டாம், அது எல்லோருக்கும் தெரியும். வேறு ஏதாவது வையுங்கள். "இதுகூடத் தெரியலியாம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்தச் சொல்தா பாட்டி இப்போது வகுப்பில் முதல் பெஞ்சு. ஃபோன் அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. போன மாதம் ஃபாதர் நிஜமாகவே புது எண் மாற்றி அவருக்குச் செய்தி அனுப்பினார். பாட்டி பதில் போடாமல் குடையை எடுத்துக்கொண்டு நேரே பங்கு வீட்டுக்கு நடந்துபோய், "சாமி, நீங்கதானா?" என்று கதவைத் தட்டியிருக்கிறார்.

அந்தப் பெண்ணுக்கு உடம்பு நன்றாகிவிட்டது. வேலைக்குப் போகிறாள். கல்யாணம் பற்றி நான் கேட்பதில்லை. அவள் தாய் போன மாதம் முதல் முறையாக வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். போகும்போது, "அடுத்த வாரமும் உண்டா டீச்சர்?" என்று கேட்டாள்.

உண்டு. வருகிற ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்ததும், மறைக்கல்வி அறையில். எந்த மதத்தவரும் வரலாம். மூக்குக்கண்ணாடி கொண்டு வரவும். ஃபோனை வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு வரவும், அந்த அறையில் பிளக் பாயிண்ட் இன்னும் சரி செய்யவில்லை.